புதிய தேன்பெட்டியும் அதன் இராணியும்

புதிதாகத் தேன்பெட்டி ஒன்றைத் தம் வளவில் வைத்தவர் எவராயினும், அவர் உள்ளத்தில் ஓயாது எழும் வினா ஒன்றே. உள்ளே இராணி இருக்கின்றதா என்பதே அவ்வினா. அது காரணமற்ற கவலையன்று. வேலைத் தேனீ ஒன்று உழைப்பு மிகுந்த காலத்தில் ஏறக்குறைய ஆறு வாரங்களே உயிர்வாழும். நாள்தோறும் மடிகின்றவற்றின் இடத்தை நிரப்புதற்கு முட்டையிடும் தாய் ஒன்று இல்லாவிடின், இன்று பெட்டி நிறைய இரைந்துகொண்டிருக்கும் கூட்டம் இரண்டொரு மாதங்களுள் மெலிந்து தேய்ந்துபோகும். பின்னர் அப்பெட்டியில் எஞ்சுவன வெறும் மெழுகும் அம்மெழுகைத் தின்னவரும் அந்துப்பூச்சியின் புழுக்களுமே.

ஆயினும் இதே வினா எத்தனையோ நல்ல கூட்டங்களை இழக்கவும் காரணமாகி வந்துள்ளது. பெட்டி வைத்தவர் மறுநாளே அதனைத் திறக்கின்றார். இராணி கண்ணிற் படவில்லை. அடுத்த நாளும் திறக்கின்றார், இம்முறை சட்டங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பார்க்கின்றார், அப்பொழுதும் காணவில்லை. மூன்றாம் நாளும் திறக்கின்றார். நான்காம் நாள் பெட்டி வெறுமையாகக் கிடக்கின்றது. தேனீக்கள் அனைத்தும் காட்டை நோக்கிச் சென்றுவிட்டன. அவற்றோடு, உள்ளே இல்லை என்று எண்ணப்பட்ட இராணியும் சென்றுவிட்டது. இராணியைத் தேடும் முறையைக் கற்பதற்கு முன்னர், தேடாதிருக்க வேண்டிய காலம் எது என்பதைத் தேனீ வளர்ப்பவர் கற்க வேண்டியவராகின்றார்.

இதன் காரணத்தை விளங்கிக்கொள்வதற்கு இத்தீவின் தேனீக்களைப் பற்றிச் சிறிது அறிதல் நன்று. இலங்கையில் தேன் சேர்ப்பவை நால்வகை. உயர்ந்த மரக்கிளைகளிலும் பாறைகளிலும் ஒரே ஒரு பெரிய வதையைத் தொங்கக் கட்டுவது பெருந்தேனீ. சிங்கள மக்கள் பம்பரா என அழைப்பது இதனையே. புதர்க் கிளையைச் சுற்றிக் கையளவான வதை கட்டுவது சிறு தேனீ. கொட்டுதற்குக் கொடுக்கில்லாத மிகச் சிறியது கொசுத்தேனீ. மரப்பொந்திலும் சுவர்ப்பொந்திலும் இருளை நாடிப் பல வதைகளை அடுக்கடுக்காய்க் கட்டுவது இந்தியத் தேனீ. கண்டி இராச்சியத்தில் 1660ஆம் ஆண்டு முதல் 1679ஆம் ஆண்டு வரை சிறைப்பட்டிருந்த ரொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் இத்தீவின் தேனீ வகைகளை அவற்றின் சிங்களப் பெயர்களோடு குறித்துள்ளார்.

சட்டங்கள் பொருந்திய பெட்டியில் வளர்க்கப்படுவது இறுதியிற் கூறிய இந்தியத் தேனீயே. அது சாதுவானது, சிறு வளவிலும் வளரக்கூடியது. ஆனால் மேனாட்டுத் தேனீயைப் போல வைத்த இடத்தில் நிலைத்திருப்பதன்று. உணவு குன்றினும், எறும்பு புகினும், வெயில் மிகினும், மனிதரின் கை அடிக்கடி உள்ளே நுழையினும் அது வதையையும் வீட்டையும் துறந்து வெளியேறிவிடும். புதிதாகக் குடியேறிய கூட்டத்திலோ கட்டிய வதையும் கொஞ்சம். பேணுதற்குரிய புழுக்களும் இல்லை. எனவே அதனை அவ்விடத்திற் பிணிக்கும் கட்டு எதுவுமில்லை. முதல் வாரம் எவ்வளவு மென்மையான காலம் என்பது இதனாற் புலனாகும்.

முன்னோர் மட்பாண்டங்களையும் குடைந்த மரத்துண்டுகளையும் வைத்துத் தேனீக்களைக் குடியேற்றினர். அவற்றினுள் நிகழ்வதை அறிய வேண்டுமாயின் வதையை அறுத்தே பார்த்தல் வேண்டும். அறுத்தபின் பார்ப்பதற்குக் குடும்பம் எஞ்சுவது அரிது. இந்நிலையை மாற்றியவர் அமெரிக்க நாட்டுப் போதகரான இலாங்சுதிரோத்து என்பவர். தேனீக்கள் நடமாடுதற்கு ஏறக்குறைய 9 மில்லிமீற்றர் இடைவெளி விடப்படின், அதனை அவை மெழுகாலோ பிசினாலோ அடைக்காது வழியாகவே விட்டுவைக்கும் என்பதை அவர் 1851ஆம் ஆண்டிற் பயன்படுத்திக் காட்டினார். அன்று முதல் வதை தாங்கிய சட்டத்தைப் பெட்டியிலிருந்து எடுக்கவும், பார்த்தபின் மீண்டும் வைக்கவும் முடிந்தது. உருவிற் சிறிய இந்தியத் தேனீக்கு ஏற்பச் சிறிய பெட்டியொன்றை 1910களில் திருச்சிராப்பள்ளியில் அமைத்தவர் நியூற்றன் என்னும் கத்தோலிக்கக் குருவானவர். அவர் பெயராலேயே அது நியூற்றன் பெட்டி என வழங்கிவருகின்றது.

இனி, தேடப்படும் இராணி யாது? பழங்கால அறிஞர் கூட்டின் நடுவே காணப்பட்ட பெரிய தேனீயை அரசன் என்றே கொண்டனர். அரித்தோத்திலும் அவ்வாறே எழுதினார். ஒல்லாந்து நாட்டு அறிஞர் சுவாமெர்தம், பதினேழாம் நூற்றாண்டில் அதனைப் பிளந்து உருப்பெருக்கியின் துணையால் ஆராய்ந்து, அதனுள்ளே சூலகங்கள் இருப்பதை வெளிப்படுத்தினார். அரசன் என்று போற்றப்பட்டது உண்மையில் ஒரு தாய் என்பது அதன்பின் ஐயமற விளங்கிற்று. அரசன் என்ற பெயர் மறைந்தது. ஆயினும் அரசி என்ற பெயரும் முற்றிலும் பொருந்தியதன்று. அது கட்டளையிடுவதில்லை; உணவைத் தானாகத் தேடுவதுமில்லை. இளந் தேனீக்கள் ஊட்டுவதை உண்டு, அவை தூய்மை செய்து வைத்த அறைகளில் நாள்தோறும் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடுவதே அதன் தொழில்.

ஆயினும் அத்தாய் இருப்பதைக் கூட்டம் முழுவதும் அறிந்திருக்கின்றது. இங்கிலாந்தில் பட்லர் என்னும் ஆராய்ச்சியாளர் 1950களில் இதன் காரணத்தைத் தேடினார். இராணியின் உடலிற் சுரக்கும் ஒருவகைப் பொருள், அதனை நக்கியும் தொட்டும் பேணும் தேனீக்கள் வாயிலாகக் கூடெங்கும் பரவுகின்றது என்றும், அப்பொருள் பரவும் வரை வேலைத் தேனீக்கள் வேறொரு இராணியை வளர்க்க முற்படா என்றும் அவர் கண்டார். இராணி நீங்கினால் சில மணி நேரத்துள் அக்குறை உணரப்படும். கூட்டத்தின் இரைச்சலே மாறிவிடும். அமைதியான முழக்கம் நீங்கி, ஏக்கம் போன்ற ஓர் ஒலி எழும் என்பது பழகியவர் கூற்று.

பெட்டிக்கு வந்த புதிய கூட்டத்தின் இராணி இருவகையுள் ஒன்றாய் இருக்கலாம். ஒரு கூடு பெருகிப் பிரியும்பொழுது முதலிற் புறப்படும் பெருங்கூட்டத்தோடு செல்வது பழைய இராணி. அது முன்னரே ஆண் தேனீக்களோடு கூடிய தாயாகும்; புதிய வீட்டில் வதை சிறிது வளர்ந்தவுடனே முட்டையிடத் தொடங்கிவிடும். அதனை அடுத்துச் சில நாட் கழித்துப் புறப்படும் சிறு கூட்டத்தோடு செல்வதோ கன்னி இராணி. அது இனிமேற்றான் வெளியே பறந்து, வானில் ஆண் தேனீக்களைக் கூடித் திரும்பல் வேண்டும். அப்பறப்பில் பல ஆண் தேனீக்களிடமிருந்து பெறும் உயிரணுக்களைத் தன் உடலிலுள்ள ஒரு சிறு பையிற் சேமித்து, வாழ்நாள் முழுவதும் அதனைக் கொண்டே கருவுற்ற முட்டைகளை இடும்.

இவ்விடத்தில் இலங்கையில் நடைபெற்ற ஓர் ஆராய்ச்சியைக் குறிப்பிடல் தகும். மூவகைத் தேனீக்களின் ஆண்கள் பறக்கும் நேரத்தைக் கவனித்த ஆய்வாளர் தம் முடிவை 1976ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சிறு தேனீயின் ஆண்கள் நண்பகலை அடுத்தும், இந்தியத் தேனீயின் ஆண்கள் மாலை 4 மணிக்குப் பின்னரும், பெருந்தேனீயின் ஆண்கள் கதிரவன் சாயும் அந்தி வேளையிலும் பறந்தன. ஒரே வானத்தை மூன்று இனங்களும் நேரத்தாற் பங்கிட்டுக் கொண்டன எனலாம். தேன்பெட்டி வைத்தவருக்கு இதிலே ஒரு செய்தி உண்டு. கன்னி இராணி உள்ள பெட்டியை மாலை வேளையிலே திறத்தலும், இடம் மாற்றுதலும், அதன் முன்னே புதிய பொருள்களை வைத்தலும் ஆகா. பறந்து சென்ற இராணி தன் வீட்டின் அடையாளத்தை இழந்து வேறு கூட்டினுள் நுழையுமாயின் அங்கே கொல்லப்படும். வழியிலே குருவிக்கு இரையாதலும் உண்டு. அந்த ஒரு பறப்பிலேயே முழுக் குடும்பத்தின் எதிர்காலமும் தங்கியிருக்கின்றது.

புதுக் கூட்டம் ஓடிவிடாதிருக்க வாயிலில் ஒரு தடுப்புத் தகட்டை வைக்கும் வழக்கம் உண்டு. அதன் துளைகளினூடே வேலைத் தேனீ சென்று வரும். உடல் பருத்த இராணி செல்ல இயலாது. தாய் செல்லாத இடத்துக்குக் கூட்டமும் செல்லாதாகையால் அது பயனுள்ள காவலே. ஆனால் உள்ளே இருப்பது கன்னி இராணியாயின் அக்காவலே சிறையாகிவிடும். உரிய காலத்தில் அது வெளியே பறக்க இயலாது போகுமாயின், பின்னர் இடும் முட்டைகள் யாவும் கருவுறாதவையாகவே இருக்கும். கருவுறாத முட்டையிலிருந்து ஆண் தேனீயே பிறக்கும் என்பதைச் சைலீசிய நாட்டுக் குருவானவரான சியர்சன் 1845ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். மகரந்தமும் தேனும் கொண்டுவராத ஆண்கள் மட்டும் நிறைந்த வீடு அழிவது திண்ணம். எனவே சிறு கூட்டம் வந்தமர்ந்த பெட்டியில் தகட்டை இரண்டொரு நாளுக்கு மேல் வைத்திராது எடுத்துவிடுதல் நன்று. பெருங்கூட்டமாயின், வதையில் முட்டையும் புழுவும் தோன்றும் வரை வைத்திருக்கலாம். புழுக்கள் தோன்றியபின் அவற்றைத் துறந்து செல்லக் கூட்டம் எளிதில் மனங்கொள்ளாது.

முதல் வாரத்தில் பெட்டியைத் திறவாமலே அறியத்தக்கன பல. மாலை வேளையிற் சீனிப்பாகு வைத்து உணவுக்குறை நேராது காப்பதும், தாங்கியின் கால்கள் நிற்கும் கிண்ணங்களில் நீர் வற்றாது பார்ப்பதும், வாயிலின் ஒரு பக்கமாக அமைதியாக அமர்ந்து நோக்குவதுமே அக்காலத்தில் வளர்ப்பவரின் பணி. தேனீக்கள் நேராகச் சென்று நேராக வருகின்றனவா? பின்னங்கால்களில் மஞ்சளும் வெண்மையுமான மகரந்த உருண்டைகள் தெரிகின்றனவா? மகரந்தமே புழுக்களை வளர்ப்பதற்கு வேண்டிய முதன்மையான உணவு. அது பெருமளவில் உள்ளே செல்லுமாயின், ஊட்டுதற்குரிய குஞ்சுகள் இருக்கின்றன என்றோ விரைவில் வரவிருக்கின்றன என்றோ கருத இடமுண்டு. இது முடிவான சான்றன்று. எனினும் பொறுத்திருப்பதற்குப் போதிய சான்று.

ஏழெட்டு நாள் கழிந்தபின் முதன்முறை பெட்டியைத் திறக்கலாம். காற்றும் மழையும் இல்லாத, இளவெயில் பரந்த முற்பகல் வேளை இதற்கு ஏற்றது. உழைக்கும் தேனீக்களிற் பல அப்பொழுது வெளியே சென்றிருக்கும். வாயிலுக்கு எதிரே நில்லாது பெட்டியின் பக்கத்திலோ பின்புறத்திலோ நிற்றல் வேண்டும். உலர்ந்த தென்னந்தும்பை மூட்டிய புகைக்கருவியால் இரண்டொரு முறை மெல்ல ஊதினாற் போதும். புகை மிகுந்தால் இந்தியத் தேனீ அமைதி அடைவதற்கு மாறாகக் கலவரமடையும்; வதையை விட்டு ஓடிச் சட்டத்தின் கீழ்நுனியிற் கொத்துக் கொத்தாய்த் தொங்கும். அந்நிலையில் இராணியும் அவற்றோடு ஓடுமாகையால் அதனைக் காணும் வாய்ப்பே இல்லாது போகும்.

மூடியைத் தட்டாமலும் இழுக்காமலும் உயர்த்திய பின்னர், ஓரத்துச் சட்டத்தை முதலில் எடுத்தல் வேண்டும். அங்கே இராணி இருத்தல் அரிது. ஆதலால் அது நசுங்கும் அச்சம் குறைவு. ஒரு சட்டம் வெளியே வந்தபின் மற்றவற்றை அசைத்து எடுக்க இடமும் கிடைக்கும். புதிய வதையோ பாலேடு போல் வெண்மையானது, மிக மென்மையானது, மேற்கட்டையில் மட்டும் ஒட்டித் தொங்குவது. அதனைத் தட்டுப்போலக் கிடையாகப் பிடித்தால் தன் பாரத்தாலேயே முறிந்து விழும். ஆகவே சட்டத்தை நிமிர்ந்த நிலையிலேயே பிடித்து, மறுபக்கத்தைப் பார்க்கவேண்டுமாயின் கதவு திரும்புவது போலத் திருப்பல் வேண்டும். எப்பொழுதும் பெட்டியின் மேலேயே அதனைப் பிடித்திருத்தல் நல்லது. இராணி தவறி விழுமாயினும் தன் வீட்டுக்குள்ளேயே விழும். புல்லிலே விழுந்து மிதிபடாது.

இனி வதையிற் பார்க்க வேண்டியது யாது? புதியவர் கண் இராணியைத் தேடும். பழகியவர் கண் முட்டையைத் தேடும். இராணி ஓடக்கூடியது, ஆயிரக்கணக்கான தேனீக்களிடையே மறையக்கூடியது. முட்டை ஓடுவதில்லை. கதிரவன் ஒளி தோளுக்குப் பின்னாலிருந்து அறைகளின் அடிவரை விழும்படி சட்டத்தைப் பிடித்து நோக்கினால், ஒவ்வோர் அறையின் அடியிலும் நூல் நறுக்குப் போன்ற சிறு வெண்பொருள் ஒன்று தெரியும். அது இட்ட நாளில் நிமிர்ந்து நிற்கும்; இரண்டாம் நாளிற் சாயும்; மூன்றாம் நாளில் அறையின் அடியிற் படுத்துவிடும்; அதன்பின் பொரித்துப் புழுவாகும். நிமிர்ந்த முட்டையைக் கண்டவர் இராணியைக் கண்டிராவிடினும், இன்றோ நேற்றோ அது அவ்வதையில் நடமாடியது என்பதை உறுதியாக அறிந்தவராவார். அதற்குமேல் அன்று தேட வேண்டியது எதுவுமில்லை. சட்டங்களை இருந்த வரிசையிலும் இருந்த திசையிலும் வைத்து மூடிவிடலாம்.

இராணியையே நேரிற் காண நேர்ந்தால் அதனை இனங்காண்பது கடினமன்று. வேலைத் தேனீயினும் அதன் வயிறு நீண்டது. சிறகுகளோ வயிற்றின் நுனியை எட்டா. நடையிலே ஒரு வேறுபாடு உண்டு. அது செல்லும் வழியில் மற்றத் தேனீக்கள் விலகி இடங்கொடுத்து, நின்றவிடத்தில் முகங்களைத் திருப்பிச் சூழ்ந்து நிற்கும். அதன் வயதை மறவாதிருக்க முதுகிலே சிறு வண்ணப் பொட்டு இடும் வழக்கமும் உலகெங்கும் உண்டு. ஆண்டின் இறுதி இலக்கம் 1 அல்லது 6 ஆயின் வெள்ளை, 2 அல்லது 7 ஆயின் மஞ்சள், 3 அல்லது 8 ஆயின் சிவப்பு, 4 அல்லது 9 ஆயின் பச்சை, 5 அல்லது 0 ஆயின் நீலம் என்பது அதன் முறை. ஆனால் இது கை பழகியவர் செய்யத்தக்கது. முதற் பெட்டியின் முதல் இராணியிற் கற்கத்தக்கதன்று.

முட்டை இருப்பதைக் கண்டு மகிழ்ந்தபின்னும் அது எவ்வாறு இடப்பட்டுள்ளது என்பதை நோக்கல் வேண்டும். நல்ல இராணி அறைக்கு ஒன்றாக, அடியின் நடுவிலே, இடைவெளியின்றி வட்டமாக இட்டுச் செல்லும். ஓர் அறையில் மூன்று நான்கு முட்டைகள் கிடந்தாலோ, அவை அடியில் அன்றிப் பக்கச் சுவர்களில் ஒட்டியிருந்தாலோ, இராணி மறைந்து பல நாளாயிற்று என்பதற்கு அது அறிகுறி. தாயற்ற கூட்டத்தில் வேலைத் தேனீக்கள் சில தாமே முட்டையிடத் தொடங்கும். அவற்றின் குறுகிய வயிறு அறையின் அடியை எட்டாது. ஆண் தேனீயோடு கூடும் இயல்பும் அவற்றுக்கு இல்லை. ஆகவே அம்முட்டைகளிலிருந்து பிறப்பன ஆண்களே. வேலைத் தேனீக்குரிய சிறிய அறைகளின் மூடிகள் தட்டையாக இராது குவிந்து எழுந்திருப்பதும், குவிந்த மூடியின் நடுவே ஊசிமுனை போன்ற துளை காணப்படுவதும் ஆண் புழுக்களைக் காட்டும். முட்டையைக் கண்டோம் என்று அவசரப்பட்டு மூடியவர் இவ்விடத்தில் ஏமாறுவர். வீடு நிறைந்திருப்பது போலத் தோன்றும். ஆனால் வீட்டுக்குத் தாய் இல்லை. அதேவேளை, முட்டையிடப் புதிதாகத் தொடங்கிய இளம் இராணியும் ஓரிரு நாள் ஓர் அறையில் இரண்டு முட்டை இடுவதுண்டு. அவை அடியிலே கிடக்கும். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தால் உண்மை விளங்கும்.

இவ்வாறு வேலைத் தேனீக்கள் முட்டையிடுவதைப் பற்றி நுணுகி ஆராய்ந்தவர்களுள் ஒருவர் ஜெனீவா நகரத்துப் பிரான்சுவா ஊபர். 1750ஆம் ஆண்டிற் பிறந்த அவர் இளமையிலேயே பார்வையை இழந்தார். தேனீக்களைப் பற்றிய நூல்களைப் பணியாளர் பூர்னென் வாசிக்கக் கேட்டறிந்த ஊபர், அந்நூல்களில் விடையின்றி நின்ற வினாக்களைத் தொகுத்தார்; அவற்றைச் சோதிக்கும் வழிகளை வகுத்தார்; பூர்னென் தம் கண்ணாலும் கையாலும் அச்சோதனைகளை நடத்திக் கண்டவற்றை எடுத்துரைத்தார். வதைகளை ஒரு நூலின் ஏடுகள் போல விரித்துப் பார்க்கத்தக்க கூடொன்றையும் ஊபர் அமைத்தார். முட்டையிடுபவை உருவிற் சிறிய இராணிகளோ, வெறும் வேலைத் தேனீக்களோ என்ற ஐயம் எழுந்தபொழுது, இரண்டு கூடுகளிலிருந்த தேனீக்கள் அனைத்தையும் ஒவ்வொன்றாகக் கையிலெடுத்துப் பார்க்கப் பூர்னென் முன்வந்தார். கொட்டுக்கு அஞ்சாது 11 நாள் அவர் அவ்வேலையிலே ஈடுபட்டார். ஊபரின் நூல் 1792ஆம் ஆண்டில் வெளிவந்தது. கன்னி இராணி கூட்டுக்கு வெளியே பறந்து சென்றே ஆண் தேனீயைக் கூடுகின்றது என்பதையும் அது சோதனைகளால் நிலைநாட்டியது. இராணியை ஒருபோதும் கண்ணாற் கண்டு ஆராய இயலாத ஒருவரே இராணியைப் பற்றி உலகுக்குப் பெரிதும் கற்பித்தார் என்பது சிந்திக்கத்தக்கது. சரியான வினாவை எழுப்பலும், விடை வரும்வரை பொறுத்தலும் அவரிடம் இருந்தன.

முதற் சோதனையில் முட்டை எதுவும் காணப்படாவிடின் என் செய்வது? உடனே இராணி இல்லை என்று முடிவு செய்தல் தவறு. கன்னி இராணியாயின் அது பறந்து திரும்பி முட்டையிட இன்னும் ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். இடையிலே மழை தொடருமாயின் மேலும் தாமதமாகும். பத்து நாளளவு விட்டு மீண்டும் பார்க்கலாம். அப்பொழுதும் ஐயம் நீங்காவிடின், அயலிலுள்ள நல்ல கூட்டிலிருந்து முட்டையும் இளம் புழுவும் உள்ள சட்டம் ஒன்றை, அதிலுள்ள தேனீக்களை மெல்ல நீக்கிவிட்டு, இப்பெட்டியினுள் வைக்கலாம். இரண்டு மூன்று நாட் கழித்து அச்சட்டத்தைப் பார்த்தால் கூட்டமே விடை கூறிவிடும். தாய் உள்ள கூட்டம் அப்புழுக்களை வழமை போலவே வளர்க்கும். தாயற்ற கூட்டமோ சில புழுக்களைத் தெரிந்தெடுத்து, அவற்றைச் சுற்றி நிலக்கடலைக் கோது போல் நீண்டு தொங்கும் அறைகளை எழுப்பத் தொடங்கும். அவையே இராணி அறைகள்.

வேலைத் தேனீயாக வளர வேண்டிய புழுவையே இராணியாக வளர்க்கக் கூட்டத்தால் முடியும் என்பதைச் சாக்சனி நாட்டுப் போதகர் சிராக்கு பதினெட்டாம் நூற்றாண்டிற் கண்டறிந்தார். பிறப்பிலே இரண்டுக்கும் வேறுபாடில்லை. ஊட்டத்திலும் வளர்ப்பிடத்திலுமே வேறுபாடு. இராணிக்குரிய புழு இளந் தேனீக்கள் சுரக்கும் வெண்ணிறக் கூழில் மிதந்தே வளர்ந்து, முட்டையிட்டு ஏறக்குறைய 16 நாளில் இராணியாக வெளிவரும். அது வளர்ந்து, பறந்து, கூடி, முட்டையிடத் தொடங்கும் வரை ஏறத்தாழ ஒரு மாதம் செல்லும். அவ்வளவு காலம் தாங்குதற்குக் கூட்டத்திற் போதிய தேனீக்கள் இல்லாவிடின், தாயுள்ள வேறொரு கூட்டத்தோடு அதனைச் சேர்த்துவிடுதலே தக்கது. இரண்டு பெட்டிகளுக்கும் இடையே ஒரு செய்தித்தாளை விரித்து ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால், தேனீக்கள் தாளைக் கடித்து வழி செய்வதற்குள் ஒன்றன் மணம் மற்றதற்குப் பழகிவிடும்; போர் நேராது. இரண்டு பெட்டி ஒன்றாய்விட்டதே என்று வருந்துதல் வேண்டாம். வலிய கூட்டம் ஒன்று மெலிந்த கூட்டம் இரண்டினும் மேலானது; அடுத்த பூக்காலத்தில் அதனையே பிரித்து இரண்டாக்கலாம்.

எதனைக் கண்டாலும் காணாவிட்டாலும், பெட்டியைத் திறந்து பத்து நிமிடத்துள் மூடிவிடுதல் நன்று. திறந்த வீட்டில் வெப்பம் குறையும், புழுக்கள் குளிரும், தேன் மணத்தை நாடி அயற்கூட்டுத் தேனீக்களும் எறும்புகளும் வந்துசேரும். மூடியபின், அன்றைய தேதி, முட்டை கண்ட சட்டங்கள் எத்தனை, மூடிய அறைகள் எத்தனை, இராணி அறை உண்டா என்பவற்றை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வைத்தல் வேண்டும். நினைவை நம்பியவர், சென்ற முறை என்ன கண்டார் என்பதை அறியவே மீண்டும் பெட்டியைத் திறப்பார். எழுதி வைத்தவருக்கு அத்தேவை இல்லை.

மலைநாட்டில் யூக்கலிப்டசு பூக்கும் இடங்களிலும், இறப்பர்த் தோட்டங்களை அடுத்தும், தென்னஞ்சோலைகளிலும் தேனீக்கு உணவு உண்டு. அங்கெல்லாம் ஒரு பெட்டி தேனை மட்டும் தருவதில்லை; தென்னை, பூசணி, பாகல் முதலியவற்றின் பூக்களிடையே மகரந்தத்தைச் சுமந்து காய்ப்பையும் பெருக்குகின்றது. பள்ளி முடித்து வீட்டிலிருக்கும் இளைஞரும் வீட்டுப் பெண்களும் குறைந்த செலவில் தொடங்கத்தக்க தொழில் இது. ஆனால் முதற் பெட்டி வெறுமையானதும் மனம் தளர்ந்து, தேனீ தமக்கு ஒத்துவராது என்று விட்டுவிடுவோர் பலர். அவர்களுட் பெரும்பாலோருக்குத் தேனீ ஒத்துவராமலில்லை. ஒரு வாரக் காத்திருப்பே ஒத்துவரவில்லை.

ஆகவே புதிய பெட்டியின் அருகே செல்பவர் இராணி எங்கே என்று கேட்பதை விடுத்து, அது தன் பணியைச் செய்கின்றதா என்று கேட்கப் பழகுதல் வேண்டும். வாயிலிற் செல்லும் மகரந்தமும், அறையின் அடியில் நிற்கும் முட்டையும், இடைவெளியின்றி மூடப்பட்ட புழுவறைகளும் அதற்கு விடை கூறும். அவ்விடையைப் பெற்றவர் மூடியை மெல்ல வைத்துவிட்டு, கிண்ணங்களிலே நீர் இருக்கின்றதா என்று பார்த்துத் தம் வேலைக்குச் செல்லலாம். உள்ளே தாயும் அதன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.